விடுமுறை நாட்கள் நீங்கலாக: சேலம், நாமக்கல் சமவெளியில் கோடைப் பசியின் வரலாறு



நினைவுப் பேருரையில் மறைந்தவரைப் புகழ்ந்து பேசிவிட்டுக் கலைவது பல இடங்களில் வழக்கம். நம் மன்றம் அப்படிச் செய்வதில்லை. மறைந்தவர் எந்த மக்களுக்காக உழைத்தாரோ, அந்த மக்களின் வரலாற்றில் எழுதப்படாமல் விடுபட்ட ஒரு பக்கத்தை எடுத்து வைப்பதையே இங்கே அஞ்சலியாகக் கருதுகிறோம். இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பக்கம், பள்ளி மூடிக் கிடக்கும் கோடையில் நம் பிள்ளைகள் படும் பசி.

இரண்டு சட்டங்களிலிருந்து தொடங்குகிறேன். 2013ஆம் ஆண்டு வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் இலவச மதிய உணவு உரிமை என்கிறது. அந்த ‘நாள்தோறும்’ என்ற சொல்லை அடுத்தே, பள்ளி விடுமுறை நாட்கள் நீங்கலாக என்று ஒரு விலக்கும் இருக்கிறது. மூன்றாண்டு கழித்து, 2016இல், குழந்தைத் தொழிலாளர் சட்டம் திருத்தப்பட்டது. அதன் 3ஆம் பிரிவு பதினான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையை வேலைக்கு வைக்கக் கூடாது என்கிறது. ஆனால் ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் முடிந்த பிறகும் விடுமுறையிலும், பிள்ளை உதவி செய்யலாம் என்று அங்கேயும் ஒரு விலக்கு இருக்கிறது.

முதல் சட்டம் விடுமுறையில் சோற்றை நிறுத்துகிறது. அடுத்த சட்டம் அதே விடுமுறையில் வேலைக்குக் கதவைத் திறந்து வைக்கிறது. இரண்டையும் இயற்றியது ஒரே நாடாளுமன்றம். இந்த இரண்டு விலக்கும் சந்திக்கும் இடத்தில் நிற்கிற குழந்தை யாருடைய குழந்தை என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் குழந்தை அங்கே எப்படி வந்து நின்றது என்பதைச் சேலம், நாமக்கல் சமவெளியின் வரலாற்றை வைத்துச் சொல்லப் பார்க்கிறேன்.

1. காடும் காலண்டரும்

நம் பகுதியில் விளைநிலத்தைக் காடு என்றுதான் சொல்வோம். மோகனூர், பரமத்திவேலூர் பக்கம் காவிரியிலிருந்து ராஜவாய்க்கால் பாய்கிறது. மேட்டூர் அணையின் கிழக்கு, மேற்குக் கரை வாய்க்கால்கள் சில ஊர்களுக்குப் பாய்கின்றன. அதைத் தாண்டினால் மானாவாரி. சோளம், கம்பு, கடலைக்காய், மரவள்ளி எல்லாம் வானத்தையும் கிணற்றையும் நம்பித்தான். மேட்டூர் அணை நம் சேலம் மாவட்டத்தில் இருந்தாலும் அதன் தண்ணீர் ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை டெல்டாவுக்கு என்பது பழைய கணக்கு. நம் பக்கத்து வாய்க்கால்களுக்கு ஆகஸ்டு தொடங்கி டிசம்பர் நடுப்பகுதி வரைதான் தண்ணீர்.

இந்த நிலத்தில் கூலிக்காரருக்கு என்று ஒரு காலண்டர் உண்டு. தையில் அறுப்பு ஓய்ந்துவிடும். மாசி, பங்குனியில் புளி உலுக்குவதும் தட்டிக் கொட்டை எடுப்பதும் உண்டு. அதில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் கொஞ்சம் காசு கிடைக்கும். அதன் பிறகு ஆடிப்பட்டத்துக்கு உழவு ஓட்டும் வரை காட்டில் வேலை கிடையாது. ஆங்கில மாதத்தில் சொன்னால் ஏப்ரல், மே, ஜூன். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கும் காலமும் ஏறக்குறைய அதுவே. வீட்டில் கூலி நிற்கும் மாதத்தில்தான் பள்ளியில் சோறும் நிற்கிறது.

இந்த நீண்ட கோடை விடுமுறை யாருடைய வசதிக்கு ஏற்றது என்பதையும் யோசிக்க வேண்டும். வெள்ளையர் ஆட்சியில் மெட்ராஸ் அரசாங்கம் கோடையில் கோப்புகளோடு உதகைக்கு ஏறிப்போகும். சேலத்துத் துரைமாருக்கு ஏற்காடு இருந்தது. நிழலும் மலையும் சொந்தக்காரர் வீடும் உள்ளவர்களுக்கு இந்த விடுமுறை பொருந்தியது. இன்றும் மே மாதத்தில் ஏற்காட்டில் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கின்றன. மலைக்குக் கீழே, அதே மாவட்டத்தில், அதே மாதத்தில், வளவுப் பிள்ளைகளின் அலுமினியத் தட்டு வீட்டு மூலையில் கவிழ்ந்து கிடக்கிறது.

இந்தச் சமவெளிக்குப் பெரும் பசி புதியதன்று. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருசப் பஞ்சத்தில் மெட்ராஸ் மாகாணத்தில் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் சேலம் ஒன்று. 1871 கணக்கெடுப்பில் அன்றைய சேலம் மாவட்டத்தில் 19 லட்சத்து 66 ஆயிரம் பேர் இருந்தார்கள். 1881இல் எண்ணியபோது 16 லட்சத்துக்கும் குறைவு. பத்து ஆண்டில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துபோனது. அந்தப் பஞ்சத்துக்குப் பிறகுதான் ஆட்சியாளர்கள் பஞ்ச விதித்தொகுப்பை எழுதினார்கள். மழை பொய்த்து, பஞ்சம் என்று அரசு அறிவித்தால் நிவாரணம் உண்டு. ஆண்டுதோறும் சித்திரையில் வந்து வைகாசியில் முற்றி ஆடியில் தணிகிற பசிக்கு அந்தத் தொகுப்பில் பெயர் இல்லை. அறிவிக்கப்பட்ட பசிக்கு மட்டும் கணக்கு என்ற வழக்கம் அன்று தொடங்கியது. இன்னும் அது மாறவில்லை.

2. பண்ணையத்துச் சோறு

ஆவணக் காப்பகத்தில் பஞ்சத்துக்குக் கோப்பு உண்டு. கோடைப் பசிக்குக் கோப்பு இல்லை. அதனால்தான் தலித் தன்வரலாறுகள் வரலாற்று மாணவருக்கு ஆவணமாகின்றன. ஓம்பிரகாஷ் வால்மீகி 1997இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலின் பெயர் ‘ஜூட்டன்’. எச்சில் சோறு என்று பொருள். தன் கதைக்கு அவர் வைத்த தலைப்பே தட்டில் மிச்சம் விடப்பட்ட உணவு.

நம் பகுதியில் அந்தச் சோற்றின் பெயர் பண்ணையத்துச் சோறு. கொங்குச் சமவெளியின் அருந்ததியர் குடும்பங்கள் நிலவுடைமையாளரிடம் ஆண்டுக் கூலிக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தன. அப்பனும் அம்மாவும் காட்டு வேலைக்குப் போனால், பிள்ளை ஆட்டுப்பட்டிக்குப் போகும். பிள்ளையின் கூலி பெரும்பாலும் சோறுதான். காலையில் பழைய களி அல்லது கம்பஞ்சோறு, தொட்டுக்கொள்ள ஒரு மிளகாய். அதைத் தனிச் சட்டியில், தள்ளி நிற்க வைத்து, எட்ட இருந்து ஊற்றுவார்கள். திருச்செங்கோட்டுப் பகுதியைச் சேர்ந்த பெருமாள்முருகன் 2000இல் எழுதிய ‘கூளமாதாரி’ நாவல், பெற்றோரைப் பிரிந்து பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் இப்படிப்பட்ட பிள்ளைகளின் உலகத்தைப் பற்றியது.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். பண்ணையத்தில் பிள்ளைக்குச் சோறு கிடைத்தது. அது வேலைக்கும் அடிமைத்தனத்துக்கும் ஈடாகக் கிடைத்தது. பள்ளிச் சோற்றின் பெருமை அது வயிற்றை நிரப்பியதோடு முடிவதில்லை. வேலை செய்யாமல், கும்பிடு போடாமல், மற்றப் பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்து ஒரு சேரிக் குழந்தை சாப்பிட முடிந்தது என்பது இந்தச் சமவெளியின் வரலாற்றில் ஒரு திருப்பம். பண்ணையக்காரரின் வாசலுக்கும் குழந்தையின் வயிற்றுக்கும் இடையே இருந்த கயிற்றை அந்தச் சோறு அறுத்தது. பள்ளி மூடும் நாளில் அந்தக் கயிறு மறுபடியும் கட்டப்படுகிறது.

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. ஆண்டுக் கூலி முறை தேய்ந்தது. அதன் இடத்துக்கு ‘முன்பணம்’ வந்தது. பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு விசைத்தறிக் கூடங்களில் முன்பணம் வாங்கிக் குடும்பத்தோடு தறி ஓட்டுகிறார்கள். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் முன்பணம் வாங்கிக் குடும்பமாகப் போகிறார்கள். சேலத்து வெள்ளிக் கொலுசுப் பட்டறை வேலை வீட்டுத் திண்ணை வரைக்கும் வருகிறது. முன்பணம் வாங்கியவரின் வீட்டில் எது குடும்பத் தொழில், எது கடனுக்கு உழைக்கும் உழைப்பு என்று எந்த அதிகாரியால் பிரித்துச் சொல்ல முடியும்? மே மாதத்தில் நூல் சுற்ற உட்காரும் பத்து வயதுப் பெண், 2016 திருத்தத்தின் கண்ணுக்குத் தாய்க்கு உதவும் மகளாகத் தெரிவாள்.

இந்த யோசனையும் பழையதுதான். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தில் பிள்ளைக்கு அரைநாள் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில். அந்த ராஜாஜி அன்றைய சேலம் மாவட்டத்தில் பிறந்தவர், சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர். குலக்கல்வி என்று தமிழ்நாடு எதிர்த்து நின்றது. 1954இல் காமராசர் அதைக் கைவிட்டார். அறுபது ஆண்டு கழித்து, பள்ளி நேரத்துக்குப் பின், விடுமுறையில், குடும்பத் தொழில் என்ற சொற்களோடு அதன் நிழல் சட்டப் புத்தகத்துக்குள் திரும்பியிருக்கிறது. 1953இல் எழுந்த எதிர்ப்பில் பத்தில் ஒரு பங்குகூட 2016இல் எழவில்லை.

3. தட்டின் நூறாண்டு

பள்ளியில் உணவு என்பது தமிழ்நாட்டில் நூறாண்டைக் கடந்த வரலாறு. 1920 செப்டம்பர் 16 அன்று, சர் பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானித்தது. தலைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவு. ஏழைப் பிள்ளைகள் பசியால் பள்ளிக்கு வராமல் போகிறார்கள் என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். பிறகு வேறு சில பள்ளிகளுக்கும் அது விரிந்தது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து அந்தச் செலவைச் செய்யக் கூடாது என்று வெள்ளை அரசு சொன்னதால் 1925இல் நின்றுபோனது.

அதே ஆண்டுகளில்தான் சேரன்மாதேவி குருகுலப் பிரச்சினை. காங்கிரஸ் பணமும் பொதுமக்கள் பணமும் பெற்ற ஒரு விடுதியில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி. அதை எதிர்த்துப் போராடியவர்களில் முன்னின்றவர் பெரியார். அவரோடு நின்ற பி. வரதராஜுலு நாயுடு நம் ராசிபுரத்தில் பிறந்தவர். அந்தப் போராட்டத்துக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனாலும் அங்கே நடந்த வழக்கு பார்ப்பனருக்கும் பார்ப்பனரல்லாதாருக்கும் இடையில்தான். அந்தப் பந்தியில் சேரிப் பிள்ளைக்கு எந்த இடம் என்ற கேள்வி நடுவே வரவில்லை.

அந்தக் கேள்விக்கு வேறொரு பாதையில் பதில் தேடப்பட்டது. 1920இல் மெட்ராஸ் அரசு தொழிலாளர் ஆணையரை நியமித்து, தாழ்த்தப்பட்டோர் நலனை அவர் பொறுப்பில் விட்டது. மற்றப் பள்ளிகள் கதவை மூடிய இடங்களில் அந்தத் துறை தனிப் பள்ளிகளைத் திறந்தது. லேபர் ஸ்கூல் என்று நம் பெரியவர்கள் சொன்னது அதைத்தான். பின்னால் அது அரிசன நலப் பள்ளியாகி, இன்று ஆதிதிராவிடர் நலப் பள்ளியாக இருக்கிறது. காமராசர் திட்டம் வருவதற்கு முன்பே அந்தப் பள்ளிகள் சிலவற்றில் பிள்ளைகளுக்கு மதியச் சோறு போட்டார்கள். மதிய உணவின் வரலாற்றை எழுதுகிறவர்கள் சேரிப் பள்ளியின் அந்த அடுப்பைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

1956இல் காமராசர் ஆட்சியில், பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவின் முயற்சியோடு, மதிய உணவு ஊர்மக்களின் நன்கொடையில் தொடங்கியது. அடுத்த ஆண்டு அரசு மானியமும் சேர்ந்தது. 1961 முதல் கேர் நிறுவனத்தின் உதவி வந்தது. பள்ளி நடக்கும் நாட்களில், ஆண்டுக்குச் சுமார் 200 நாள், உணவு. மீதி நாளுக்கு ஏற்பாடு இல்லை. பள்ளிக்கு வரவைப்பதற்காகச் சோறு என்பதே அன்றைய நியாயம். பள்ளி இல்லாத நாளில் சோற்றுக்கும் காரணம் இல்லாமல் போனது.

1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் அந்த நியாயத்தை மாற்றிப் பார்த்தது. இரண்டு வயதுக் குழந்தையும் அதில் சேர்ந்தது. கிராமத்தில் தொடங்கி, அந்த ஆண்டு செப்டம்பரில் நகரத்துக்கும், 1984இல் பதினைந்து வயது வரைக்கும் விரிந்தது. தொடக்க ஆண்டுகளில் ஞாயிறு, கோடை என்று பார்க்காமல் ஆண்டு முழுவதும் அடுப்பு எரிந்தது. ஏப்ரல் மாதத்தில் புத்தகப் பை இல்லாமல் தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு பிள்ளைகள் பள்ளிக்குப் போன காலம் அது. பிறகு பள்ளிப் பிள்ளைகளுக்கு அது வேலை நாட்களாகச் சுருங்கி, 200 சொச்சம் நாளில் வந்து நின்றது. விரிந்ததை எல்லாரும் கொண்டாடினார்கள். சுருங்கியதை யாரும் அறிவித்ததாகக்கூட மக்கள் நினைவில் இல்லை. கோடையில் சோறு போடுவது நடக்காத காரியம் என்று சொல்கிறவர்களுக்கு, அது இந்த மாநிலத்தில் நடந்த காரியம் என்பதே பதில்.

இந்தக் கதையோடு விடுதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆதிதிராவிடர் நல விடுதிப் பிள்ளைக்குப் பள்ளி நாட்களில் மூன்று வேளையும் விடுதியில். கோடையில் விடுதி மூடும். மூன்று வேளையும் ஒரே நாளில் போய்விடும்.

4. ஒரே உத்தரவில் இரண்டு வரி

2001இல் மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த உணவு உரிமை வழக்கு இந்த வரலாற்றின் அடுத்த படி. அந்த ஆண்டு நவம்பர் 28 உத்தரவு, அரசுப் பள்ளிகளில் சமைத்த உணவை ஆண்டுக்குக் குறைந்தது 200 நாள் கொடுக்கச் சொன்னது. 2004 ஏப்ரல் 20 அன்று வந்த உத்தரவில் நாம் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டிய இரண்டு செய்திகள் இருக்கின்றன. சமையலர், உதவியாளர் நியமனத்தில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்பது ஒன்று. வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு தர வேண்டும் என்பது இன்னொன்று. 2016 மே 13 அன்று, ஸ்வராஜ் அபியான் தொடுத்த வறட்சி வழக்கில், கோடைச் சோற்றை உச்ச நீதிமன்றம் மறுபடியும் வலியுறுத்தியது.

2017 ஜனவரி 10 அன்று தமிழ்நாடு அரசு அன்றிருந்த 32 மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்களாக அறிவித்தது. சேலமும் நாமக்கல்லும் அதில் உண்டு. அந்த ஏப்ரல், மே மாதங்களில் உங்கள் ஒன்றியத்தில் எத்தனை சத்துணவு மையங்களில் எத்தனை நாள் அடுப்பு எரிந்தது? தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேட்கலாம். வரலாற்று மாணவருக்கு இதைவிட நல்ல ஆய்வுத் தலைப்பு கிடைக்காது. பக்கத்துக் கர்நாடகம் 2024இல் வறட்சி என்று அறிவித்த 223 வட்டங்களில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு கொடுத்தது. உத்தரவை நிறைவேற்ற முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

ஆனால் நீதிமன்றத்தின் வரியிலும் வறட்சி என்ற நிபந்தனை இருக்கிறது. 1880களின் பஞ்ச விதித்தொகுப்பைப் போலவே இங்கும் அறிவித்தால்தான் பசி. நல்ல மழை பெய்த ஆண்டிலும் சித்திரையில் கூலி இல்லை என்பதை அது காணவில்லை.

2013 சட்டத்தை இன்னொரு முறை பாருங்கள். ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை அங்கன்வாடி உணவு உரிமை. அந்த வரியில் விடுமுறை விலக்கு கிடையாது. அங்கன்வாடி ஆண்டுக்கு 300 நாள் உணவு தர வேண்டிய அமைப்பு. ஆக, ஐந்து வயதுத் தம்பிக்குக் கோடையில் சோறு உண்டு. அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வரும் எட்டு வயது அக்காளுக்குக் கிடையாது. அவள் வாசலில் உட்கார்ந்து அவன் சாப்பிட்டு முடிக்கும் வரை காத்திருப்பாள்.

5. 31 நாள் கணக்கு

2020இல் கொரோனாவுக்காகப் பள்ளிகள் மூடியபோது ஓர் அரிய காரியம் நடந்தது. கோடை விடுமுறைக்கும் மதிய உணவோ அதற்கு ஈடான பொருளோ கொடுக்கலாம் என்று ஒன்றிய அரசு அறிவித்தது. தமிழ்நாடு அரசு மே மாதத்துக்கென்று உலர் பொருள் கொடுத்தது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 3 கிலோ 100 கிராம் அரிசி, 1 கிலோ 200 கிராம் பருப்பு. சத்துணவில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 100 கிராம் அரிசி என்பது அளவு. 100 கிராமை 31ஆல் பெருக்கினால் 3 கிலோ 100 கிராம் வரும். ஞாயிறையும் விடுமுறையையும் கழிக்காமல், மே மாதத்தின் 31 நாளுக்கும் வயிறு உண்டு என்று அரசே ஒரு முறை கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறது. தொற்று போனதும் அந்தக் கணக்கும் போய்விட்டது.

கோடையில் பள்ளிச் சோறு நிற்பதைக் கணக்கில் வைத்திருக்கும் இன்னொரு இடம் நாமக்கல் முட்டைச் சந்தை. 1989 ஜூனில் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று சத்துணவில் நுழைந்த முட்டை, 2010இல் வாரத்துக்கு ஐந்தானது. அந்த முட்டைகளுக்கு நாமக்கல் கோழிப்பண்ணைகள்தான் பெரும் ஆதாரம். தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவின் நாமக்கல் மண்டலம் பண்ணை விலையை அறிவிக்கிறது. கோடையில் விலை இறங்கினால், வெயிலோடு பள்ளி விடுமுறையும் ஒரு காரணமாகச் செய்தித்தாளில் வரும். பிள்ளைகளின் வாய்க்கு முட்டை போகாததை வியாபாரி பைசாக் கணக்கில் அறிந்திருக்கிறார். அரசின் நலக் கணக்கில் அந்த நட்டத்துக்குப் பத்தி இல்லை. நாமக்கல் மாவட்ட மக்கள்தொகையில் 2011 கணக்குப்படி ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். முட்டை குவியும் ஊரின் பக்கத்து வளவில் இரண்டு மாதம் முட்டை இல்லாத தட்டு.

ரேஷனில் அரிசி இலவசமாகக் கிடைக்கிறதே, இன்று யார் பட்டினி கிடக்கிறார்கள் என்று கேட்பார்கள். 2011 முதல் அரிசி இலவசம் என்பது உண்மை. அது பெரிய பாதுகாப்பு என்பதும் உண்மை. ஆனால் வெறும் அரிசி பிள்ளையை வளர்க்காது. தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019–21 சுற்றில், தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் நால்வரில் ஒருவர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர். 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. இலவச அரிசி வந்து பத்தாண்டு ஆன பிறகு எடுத்த கணக்கு இது. பருப்பும் முட்டையும் காய்கறியும் சேர்ந்த ஒரு வேளைச் சோறு ஐம்பது நாள் நின்றால் அது உடம்பில் தெரியும். காலையில் அம்மா வேலை தேடிப் போய்விட்டால், அரிசி இருந்தும் அடுப்பு மூட்ட ஆள் இல்லாத வீடுகள் உண்டு.

6. யார் சமைப்பது, எங்கே சமைப்பது

கோடையில் சோறு வேண்டும் என்று கேட்கும்போது அது யார் கையில், எந்த இடத்தில் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டம்பாளையத்தில் ஓர் அருந்ததியர் பெண் அரசுப் பள்ளியில் சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் பள்ளியை முற்றுகையிட்டார்கள். அதிகாரிகள் அவரை இடம் மாற்றினார்கள். போராட்டம் வெடித்த பிறகே அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க விரிந்தது. அடுத்த மாதமே, காவிரிக்கு அக்கரையில் கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரில், பட்டியல் சாதிப் பெண் சமைத்ததைத் தின்ன வேண்டாம் என்று சில பெற்றோர் பிள்ளைகளைத் தடுத்தார்கள். ஆட்சியர் நேரில் போய் அங்கே சாப்பிட்டு, வன்கொடுமைச் சட்டம் பாயும் என்று எச்சரிக்க வேண்டி வந்தது.

பள்ளி நடக்கும் நாளில், ஆசிரியர்கள் பார்க்க, இப்படி நடக்கிறது. ஆசிரியர் இல்லாத மே மாதத்தில் பள்ளியின் சாவி யாரிடம் இருக்கும்? தன்னார்வலர், ஊர்ப் பெரியவர், கோயில் அன்னதானம் என்று கோடைச் சோற்றை ஊரின் கருணைக்கு விட்டால் அது மறுபடியும் பண்ணையத்துச் சோறாகும். எட்ட நின்று வாங்கும் சோறாகும். அதனால்தான் 2004 உத்தரவின் இரண்டு வரியையும் பிரிக்கக் கூடாது என்கிறேன். கோடைச் சோறு அரசு மையத்தில், அரசு ஊழியர் கையால், தலித் சமையலருக்கு முன்னுரிமையோடு வர வேண்டும்.

7. பிற நாட்டுப் பாடம்

உலகத்தில் வேறு யாரும் இதைக் கேட்கவில்லையா? கேட்டிருக்கிறார்கள். 1969 ஜனவரியில் அமெரிக்காவின் ஓக்லண்டு நகரத்தில் ஒரு தேவாலயத்தில் கறுஞ்சிறுத்தைகள் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் காலை உணவு போடத் தொடங்கினார்கள். துப்பாக்கியைவிட அந்தச் சோற்றைக் கண்டு உளவுத்துறை கவலைப்பட்டது. 1972இல் மும்பையில் தலித் சிறுத்தைகள் அந்த இயக்கத்தின் பெயரைத் தாங்கி எழுந்தார்கள். சிறுத்தை என்ற பெயருக்குப் பின்னால் ஒரு சமையல்கட்டும் இருந்தது என்பதை இன்றைய மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் கோடை விடுமுறைக்கென்றே தனி உணவுத் திட்டம் 1968இல் சோதனையாகத் தொடங்கி, 1975இல் நிலைபெற்றது. 2024 கோடையிலிருந்து, அதில் சேர்ந்த மாநிலங்களில், தகுதியுள்ள பிள்ளை ஒவ்வொன்றுக்கும் உணவு வாங்க 120 டாலர் தருகிறார்கள். இங்கிலாந்தில் 2020 ஜூனில், சிறுவயதில் பள்ளிச் சோற்றை நம்பி வளர்ந்த கால்பந்து வீரர் மார்கஸ் ராஷ்ஃபோர்டு அரசுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். முதலில் மறுத்த அரசு இரண்டே நாளில் பணிந்து, ஏறத்தாழ 13 லட்சம் பிள்ளைகளுக்குக் கோடை உணவுச் சீட்டு கொடுத்தது. பணக்கார நாடுகளே கோடைப் பசி உண்டு என்று ஒப்புக்கொண்டு சட்டமும் பணமும் ஒதுக்கியிருக்கின்றன. மதிய உணவில் இந்தியாவுக்கே வழிகாட்டிய தமிழ்நாடு ஒப்புக்கொள்ள என்ன தடை?

8. செய்ய வேண்டியவை

தமிழ்நாட்டில் சத்துணவு மையக் கட்டடம் இருக்கிறது. பாத்திரம் இருக்கிறது. அமைப்பாளர், சமையலர், உதவியாளர் சிறப்புக் காலமுறை ஊதியத்தில் இருக்கிறார்கள். ஒன்றிய அரசு சமையலருக்கு ஆண்டுக்குப் பத்து மாத மதிப்பூதியம்தான் ஒதுக்குகிறது. ஒன்றிய அரசின் ஆண்டுக்குப் பத்து மாதம். பிள்ளையின் வயிற்றுக்குப் பன்னிரண்டு. அந்த இரண்டு மாத இடைவெளியை நிரப்பச் சொல்வதே நம் கோரிக்கை.

வறட்சி அறிவிப்புக்குக் காத்திராமல் ஏப்ரல் கடைசி முதல் பள்ளி திறக்கும் வரை சத்துணவு மையங்கள் இயங்க வேண்டும். பள்ளிச் சேர்க்கை எண் கேட்காமல், பதினான்கு வயது வரை வருகிற எல்லாப் பிள்ளைக்கும் சோறு. சூளைக்கும் தறிக்கும் வந்த வெளியூர்ப் பிள்ளையும் அதில் அடக்கம். மையம் தூரமாக இருக்கும் வளவுகளில் அங்கன்வாடியிலேயே அக்காளுக்கும் ஒரு தட்டு. வாரம் ஐந்து முட்டை கோடையிலும் தொடர வேண்டும். 2016 திருத்தத்தின் விடுமுறை விலக்கு நீங்க வேண்டும்.

இதற்கு இன்றே தொடங்கக்கூடிய ஒரு வேலை உண்டு. தமிழ்நாட்டில் மே 1 அன்று எல்லா ஊராட்சிகளிலும் கிராம சபை கூடுகிறது. அது கோடைப் பசிக் காலத்தில் வரும் நாள். வளவிலிருந்து பெண்கள் கூட்டமாகப் போய், எங்கள் ஊர்ச் சத்துணவு மையத்தைக் கோடையிலும் திறக்க வேண்டும் என்று தீர்மானம் வைக்கட்டும். மறுத்தால், மறுத்ததைப் பதிவேட்டில் எழுதச் சொல்லட்டும். மாணவர்கள் ஜூனில் பள்ளி திறந்ததும் ஒரு கணக்கு எடுங்கள். ஏப்ரலில் வருகைப் பதிவேட்டில் இருந்த எந்தப் பெயர் ஜூனில் இல்லை, அந்தப் பிள்ளை இப்போது எந்தத் தறியில், எந்தச் சூளையில், எந்தப் பட்டியில் இருக்கிறது என்று வளவு வளவாக எழுதுங்கள். பிள்ளைகளின் பெயரைக் காப்பாற்றி, எண்ணிக்கையை வெளியிடுங்கள். கோடைப் பசிக்கு ஆவணக் காப்பகத்தில் இல்லாத கோப்பை நீங்கள்தான் தொடங்க வேண்டும்.

அந்தக் கோப்பு நிறைந்த பிறகு, விடுமுறை நாட்கள் நீங்கலாக என்ற சொற்களைச் சட்டத்தில் வைத்திருப்பது எந்த அரசுக்கும் எளிதாக இருக்காது.

ஜெய் பீம்.